ரோவர் நேரா போகுது, திரும்ப மாட்டேங்குது: மோட்டார் டிரைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, திருவண்ணாமலையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ரிமோட்டில் ஓடும் நாலு சக்கர ரோவர் ஒன்றைச் செய்திருந்தான்.

"மாமா, வண்டி நேரா நல்லா போகுது. திரும்பச் சொன்னா மட்டும் நின்னுடுது. ப்ளூடூத்தும் கட்டாயிடுது."

"சக்கரத்தத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. தூக்கிப் பிடிச்சா நாலும் ஜோரா சுத்துது. எந்தப் பக்கம் சொன்னாலும் சுத்துது. கீழ வெச்சாதான் பிரச்சினை. ப்ளூடூத் மாட்யூல் போயிடுச்சுன்னு நெனச்சு புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். அதுவும் அப்படியேதான் பண்ணுது."

அந்தப் புது மாட்யூல், பொங்கலுக்குக் கிடைத்த காசில் வாங்கியது. சென்னையில் இருக்கிற பையன் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். திருவண்ணாமலையில் இருந்தால் நாலைந்து மணி நேர பஸ் பயணம். இல்லாவிட்டால் கூரியருக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கண்காட்சி முடிந்துவிடும். எந்தப் பாகம் பழுது என்று தப்பாகக் கணிப்பதற்கு வெளியூர்ப் பிள்ளைகள் கொடுக்கிற விலை கொஞ்சம் அதிகம்தான்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். பேட்டரி என்ன? "ஒம்பது வோல்ட் மாமா, சின்னதா கட்டையா இருக்கும்ல, அது." மோட்டார் டிரைவர்? "செவப்பு கலர். எல்298என். கிட்டோடயே வந்தது."

ப்ளூடூத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

டிரைவர் எதற்கு?

ரோவரின் மூளை ஆர்டுயினோ மாதிரியான ஒரு சிறு போர்டு. அதன் ஒரு பின்னிலிருந்து பத்திரமாக எடுக்கக்கூடிய மின்னோட்டம் சுமார் 20 மில்லிஆம்பியர். ஒரு எல்இடி விளக்கு எரியும், அவ்வளவுதான். கிட்டுகளில் வருகிற மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார், நம் ஊர்க் கடைகளில் 'பிஓ மோட்டார்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அது சும்மா சுற்றுவதற்கே 150 மில்லிஆம்பியர் கேட்கும். மூளை கட்டளை போடும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற பெரிய மின்னோட்டத்தை இடையில் நின்று திறந்து மூடுவது மோட்டார் டிரைவர்.

உள்ளே இருப்பது நாலு சுவிட்சுகள். ஒரு ஜோடியைத் திறந்தால் மோட்டார் முன்பக்கம் சுற்றும், மறு ஜோடியைத் திறந்தால் பின்பக்கம். அந்தச் சுவிட்சுகளை நொடிக்குப் பல நூறு முறை, ஆயிரக்கணக்கான முறை என்று தட்டித் தட்டி அணைத்தால் வேகம் குறையும். சுவிட்ச் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும், தாங்கும்போது தனக்கென்று எவ்வளவு வோல்ட்டை விழுங்கும்? நல்ல டிரைவர் எது, மோசமான டிரைவர் எது என்பதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது.

ஆனால் பெரும்பாலோர் டிரைவரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அது தலைகீழ் வழி. முதலில் மோட்டார், அப்புறம் பேட்டரி, கடைசியில்தான் டிரைவர். ஏன் என்பதற்கு ஒரு தேர் கதை.

சண்டிகேஸ்வரர் தேரும் சறுக்கிக்கொண்டு திரும்புவதும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பஞ்சரதங்கள் ஓடும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேஸ்வரர் தேரைப் பிள்ளைகள் இழுப்பார்கள். என் அக்கா மகனும் வடம் பிடித்தவன்தான். அவனிடமே கேட்டேன், "தேர் எப்படா ரொம்ப கஷ்டமா இருக்கும்?"

"கெளம்பும்போது மாமா. அப்புறம் முக்குல திரும்பும்போது."

மின்மோட்டாருக்கும் இதே இரண்டு இடங்கள்தான்.

ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் வோல்ட்டை உண்டாக்கும். அதனால் பேட்டரியிலிருந்து அது இழுக்கிற மின்னோட்டம் குறைவு. நின்றிருக்கிற மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது. கம்பிச்சுருளின் மின்தடை மட்டும்தான் தடுப்பு. ஆகவே கிளம்பும் அந்த நொடியிலும், சக்கரம் எங்காவது மாட்டிக்கொண்டு நின்றுபோகும்போதும் மோட்டார் இழுப்பது அதன் உச்சபட்ச மின்னோட்டம். இதைத்தான் 'ஸ்டால் கரண்ட்' என்கிறார்கள். மஞ்சள் பிஓ மோட்டார் 6 வோல்ட்டில் சும்மா சுற்றும்போது எடுப்பது ஏறக்குறைய 0.16 ஆம்பியர், நிறுத்திப் பிடித்தால் 1.5 ஆம்பியர் வரை போகும். ஒன்பது மடங்கு.

திரும்புவது இன்னும் சுவாரசியம். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அச்சு திரும்பாது. முக்கில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மறுபக்கத்தை இழுத்து, சக்கரங்கள் தரையில் தேய்ந்து சறுக்கித்தான் தேர் திரும்பும். கிட்டில் வருகிற நாலு சக்கர ரோவரும் அப்படியே. இடப்பக்கச் சக்கரங்கள் பின்னால், வலப்பக்கச் சக்கரங்கள் முன்னால். நாலு ரப்பர் டயரும் தரையைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டுதான் வண்டி திரும்பியாக வேண்டும். டயர் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ, திரும்புவது அவ்வளவு கஷ்டம். வழவழப்பான டைல்ஸ் தரையில் திரும்பிய வண்டி, கார்ப்பெட்டிலோ சிமென்ட் தரையிலோ முக்குவது இதனால்தான்.

தூக்கிப் பிடித்தால் நாலும் சுற்றுகிறது, கீழே வைத்தால் நேராகப் போகிறது, திரும்பச் சொன்னால் படுத்துவிடுகிறது. போனில் அவன் சொன்ன மூன்று வரியும் ஒரே நோயின் அறிகுறிகள்: தேவைப்படுகிற மின்னோட்டம் வந்து சேரவில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் மோட்டாரின் ஸ்டால் கரண்ட் எவ்வளவு? விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தால் சரி. பல சமயம் 'நோ லோட் கரண்ட்' மட்டும்தான் போட்டிருக்கும். அதை வைத்து டிரைவர் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அதை 10 ஆம்பியர் அளவுக்கு வைத்து, சிவப்பு வயரை அதற்கான தனித் துளையில் செருகி, பேட்டரிக்கும் ஒரு மோட்டாருக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியாக இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி ஒரு நொடி, மிஞ்சிப் போனால் இரண்டு நொடி, எண்ணைப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிடுங்கள். அதிக நேரம் பிடித்தால் மோட்டார் சுருள் சூடாகிக் கருகும். பிளாஸ்டிக் கியரின் பல்லும் போகலாம். பெரிய மெட்டல் கியர் மோட்டார் என்றால் கையால் பிடிக்கவே வேண்டாம், விரல் போய்விடும்.

அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலான மின்தடையை ஓமில் அளங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து தடவை அளந்து, இருப்பதிலேயே சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வோல்ட்டை அந்த எண்ணால் வகுத்தால் ஸ்டால் கரண்ட் கிட்டத்தட்ட வந்துவிடும். 6 வோல்ட், 4 ஓம் என்றால் 1.5 ஆம்பியர். பத்தாம் வகுப்பு ஓம் விதிதான், வேறொன்றுமில்லை.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். நாலு சக்கர ரோவரில் ஒரு பக்கத்து இரண்டு மோட்டார்களையும் டிரைவரின் ஒரே சேனலில் சேர்த்துக் கட்டுவதுதான் வழக்கம். அப்போது அந்தச் சேனல் தாங்க வேண்டியது இரண்டு மோட்டார்களின் கூட்டு. 1.5 ஆம்பியர் அல்ல, 3 ஆம்பியர்.

சிவப்பு போர்டின் கதை

எல்298என் இல்லாத ஆரம்பநிலை ரோபோ கிட்டைப் பார்ப்பது அரிது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், தலையில் பெரிய கறுப்பு ஹீட் சிங்க், ஸ்க்ரூ போட்டு வயரை முடுக்கும் வசதி, கூடவே 5 வோல்ட் கொடுக்கிற ஒரு ரெகுலேட்டர். சால்டரிங் தெரியாத பிள்ளைக்கு இதைவிட வசதியான போர்டு கிடையாது. அதனால்தான் நான் இதைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். 46 வோல்ட் வரை தாங்கும், சேனலுக்கு 2 ஆம்பியர் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளிலேயே இருக்கிறது.

அதே தாளில் இன்னொரு வரியும் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. இந்தச் சிப்பின் சுவிட்சுகள் பழைய பாணி பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது இவை விழுங்குவது குறைந்தது 1.8 வோல்ட், 3.2 வரை போகலாம். 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரை விழுங்கலாம். விழுங்கியதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். அந்தப் பெரிய ஹீட் சிங்க் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

24 வோல்ட் இயந்திரத்தில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 6 வோல்ட் பொம்மை வண்டியில் 2 வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

இதன் சின்னத் தம்பி எல்293டி. நீல நிற 'மோட்டார் ஷீல்டு'களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சேனலுக்கு 0.6 ஆம்பியர் மட்டும், அதற்கே 2.6 வோல்ட் சுமார் விழுங்கும். 1.5 ஆம்பியர் ஸ்டால் ஆகிற பிஓ மோட்டாருக்கே இது ஒத்துவராது.

இனி அக்கா மகனின் வண்டிக்கு வருவோம். கட்டையான அந்த 9 வோல்ட் பேட்டரி, புகை உணரும் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் ஏற்றது. அதன் உள்தடை புதிதாக இருக்கும்போதே ஒன்றரை, இரண்டு ஓம். நாலு மோட்டாரும் சேர்ந்து 2 ஆம்பியர் கேட்டால் பேட்டரிக்குள்ளேயே 3 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். மிச்சம் ஐந்தரை, ஆறு வோல்ட். அதில் எல்298என் இரண்டு, மூன்று வோல்ட்டை விழுங்கும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 3 வோல்ட். அதை வைத்துக்கொண்டு டயரைத் தேய்த்துத் திரும்ப முடியுமா?

ப்ளூடூத் ஏன் கட்டாகிறது? ஆர்டுயினோவுக்கும் ப்ளூடூத்துக்கும் மின்சாரம் வந்தது அதே எல்298என் போர்டின் 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து. அந்த ரெகுலேட்டர் 5 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும். பேட்டரி ஐந்தரைக்கு இறங்கியதும் வெளியே வருவது நாலுக்கும் கீழே. ப்ளூடூத் மாட்யூல் ரீசெட் ஆகிவிடும். போனில் 'டிஸ்கனெக்டட்' என்று வரும். பையன் போய் இன்னொரு ப்ளூடூத் வாங்குவான்.

ஸ்பிரிட்டின் வலது முன் சக்கரம்

சக்கரம் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது பொம்மை வண்டிக்காரர்களின் வேலை மட்டுமல்ல. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ரோவருக்கு ஆறு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். அதே ஆண்டின் நடுவில் வலது முன் சக்கரத்தின் மோட்டார் மற்றவற்றைவிட அதிக மின்னோட்டம் இழுப்பதைப் பூமியில் இருந்த பொறியாளர்கள் கவனித்தார்கள். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எண் ஏறிவிட்டது. உள்ளே மசகு சரியாகப் பரவவில்லையோ என்று சூடேற்றிப் பார்த்தார்கள். வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி அந்தச் சக்கரத்தின் சுமையைக் குறைத்தார்கள். 2006 மார்ச்சில் அது நின்றேபோனது. அதற்குப் பிறகும் அந்தச் செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே வண்டி ஓடியது. 2007-ல் அந்தச் சக்கரம் கீறிய தடத்தில்தான் வெள்ளை வெளேரென்று சிலிக்கா நிறைந்த மண் வெளிப்பட்டு, அங்கே ஒரு காலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. 2009-ல் மென்மணலில் மாட்டிக்கொண்ட வண்டி அதிலிருந்து மீளவே இல்லை.

நம் பிரக்யானும் ஆறு சக்கரம்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தைச் சேர்ந்த ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்ந்தது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். இடம், வலம் சக்கரங்களின் வேகத்தை மாற்றித்தான் அதுவும் திரும்பும். நம் தேர் மாதிரி, பையனின் வண்டி மாதிரி. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்ததும், வந்த வழியே திரும்பு என்று கட்டளை போனது. செப்டம்பர் தொடக்கத்தில் உறங்க வைக்கப்படும் முன் அது நூறு மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. நிலவு மண்ணுக்கு நிகரான மண்ணைச் செய்து சோதனை நடத்த, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரப் பாறையை இஸ்ரோ பயன்படுத்தியதும் நினைவிருக்கும். எந்தத் தரையில் ஓடப்போகிறதோ அதே மாதிரித் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். வீட்டு டைல்ஸில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளி மைதானத்துக்கு வண்டியைத் தூக்கிப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

சின்ன மஞ்சள் மோட்டார் வண்டிக்கு என் தேர்வு டிபி6612. தோஷிபா நிறுவனத்தின் சிப். இதில் சுவிட்சாக இருப்பவை மாஸ்ஃபெட்கள். மொத்தத் தடை அரை ஓம் அளவுதான். 1 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் போகும், அவ்வளவுதான். எல்298என்-னில் நாம் இழந்தது அதன் நாலு மடங்குக்கு மேல். சேனலுக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர், கண நேர உச்சம் 3.2 ஆம்பியர். ஹீட் சிங்க்கே இல்லாமல், தபால்தலை அளவில் இருக்கும்.

நாலு மோட்டாருக்கு இது ஒன்று போதுமா? காகிதக் கணக்கில் இழுபறி. ஒரு பக்கத்து இரண்டு மோட்டாரும் நின்றுபோனால் 3 ஆம்பியர், உச்ச வரம்பை உரசிக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டு போர்டு போட்டு, மோட்டாருக்கு ஒரு சேனல் என்று பிரித்துவிடுவது நிம்மதி. இரண்டு போர்டின் கட்டளைப் பின்களையும் இணையாகச் சேர்த்துவிட்டால் ஆர்டுயினோவில் கூடுதல் பின் எதுவும் வேண்டாம்.

இந்தப் போர்டில் ஆரம்பநிலை ஆட்கள் விழுகிற குழிகள் மூன்று. 'எஸ்டிபிஒய்' என்று அச்சிட்ட பின்னுக்கு மின்சாரம் கொடுக்காவிட்டால் சிப் தூங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் இதனால் "போர்டு டெட்" என்று தூக்கிப் போட்டிருக்கிறார்களோ! பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறினால் இந்தச் சின்னப் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பு கிடையாது, அந்த நொடியே போய்விடும். மூன்றாவது, 5 வோல்ட் ரெகுலேட்டர் இதில் இல்லை. ஆர்டுயினோவுக்குத் தனியாக ஒரு சிறிய 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். போர்டின் விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிஆர்வி8833 இன்னொரு நல்ல சிப், 1.5 ஆம்பியர். ஆனால் 10.8 வோல்ட் வரைதான். இரண்டு லித்தியம் செல் தொடராக இருந்தால் முழு சார்ஜில் 8.4 வோல்ட், பிரச்சினை இல்லை. "பவர் பத்தல, இன்னொரு செல் போடலாம்" என்று மூன்றாவதைச் சேர்த்தால் 12.6. சிப் காலி.

மெட்டல் கியர் உள்ள 12 வோல்ட் மோட்டார்கள் போட்ட கனமான வண்டி என்றால் கதையே வேறு. ஸ்டால் கரண்ட் பல ஆம்பியர் போகும். சேனலுக்கு 10 ஆம்பியர் தாங்கும் சைட்ரான் மாதிரியான போர்டுகளைப் பாருங்கள். மலிவாக வேண்டுமென்றால் பிடிஎஸ்7960 போர்டு இருக்கிறது. '43 ஆம்பியர்' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். அந்த 43, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வரம்பு கட்டுகிற எல்லை. நாள் முழுக்க அவ்வளவு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. அதில் பாதி ஓட்டினாலே அந்தச் சின்ன ஹீட் சிங்க் தாங்காது. ஐந்து, பத்து ஆம்பியருக்கு நல்ல போர்டு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. ஒரு போர்டு ஒரு மோட்டாரைத்தான் ஓட்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்298என்-னை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம். இரண்டு சக்கர வண்டிக்கு, இரண்டு லித்தியம் செல்லோடு, அது வேலை செய்யும். அது விழுங்குகிற 2 வோல்ட் போக மிச்சம் ஐந்தரை வோல்ட், 6 வோல்ட் மோட்டாருக்குச் சரியாகப் பொருந்திவிடும். சொல்லப்போனால் அந்தக் கூட்டணியில் மட்டும் அதன் பெருந்தீனி ஒரு காப்பு.

நிஜ ரிமோட் இருந்தால்

போனுக்குப் பதில், இரண்டு குச்சி வைத்த ஹாபி ரிமோட்டும் ரிசீவரும் வைத்திருப்பவர்களுக்கு ஆர்டுயினோவே தேவையில்லை. இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ரிசீவரிலேயே நேராகச் செருகிக்கொள்ளும். ஆனால் கேட்டு வாங்குங்கள். ட்ரோனுக்கான இஎஸ்சி மூன்று வயர் பிரஷ்லெஸ் மோட்டாருக்கானது. உங்கள் இரண்டு வயர் மோட்டாரை ஓட்டாது. 'பிரஷ்டு', 'ரிவர்ஸ் உள்ளது' என்ற இரண்டும் இருக்க வேண்டும். கார்களுக்கான சில இஎஸ்சிகளில் குச்சியைப் பின்னால் தள்ளினால் முதல் தடவை பிரேக், இரண்டாவது தடவைதான் ரிவர்ஸ். ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று திரும்புகிற ரோவருக்கு இது பெரிய தொல்லை. நேரடியாக ரிவர்ஸ் போகும் வகையா என்று கேளுங்கள்.

தீயும் ஓட்டமும்

லித்தியம் செல் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்களைப் பிள்ளைகள் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள நல்ல செல், அதற்குரிய சார்ஜர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், ஒரு சுவிட்ச். செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டால் இந்தச் செல் 9 வோல்ட் கட்டை பேட்டரி போல் சோர்ந்துபோகாது. வயரின் உறை உருகும், தீப்பிடிக்கும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும் கூடாது.

அடுத்தது, தொடர்பு அறுந்தால் வண்டி என்ன செய்யும்? போன் செயலிகள் பல, பட்டனை அழுத்தும்போது ஒரு எழுத்தும் விடும்போது ஒரு எழுத்தும் அனுப்பும். அழுத்திக்கொண்டிருக்கும்போது தொடர்பு போனால் 'நில்' என்ற எழுத்து வந்து சேராது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பொம்மை வண்டிக்குப் பரவாயில்லை. நாலு கிலோ மெட்டல் வண்டி கண்காட்சிக் கூட்டத்துக்குள் ஓடினால்? செயலியை அழுத்தியிருக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும்படி வைத்து, அரை நொடிக்குக் கட்டளை வராவிட்டால் எல்லா மோட்டாரையும் நிறுத்து என்று நிரலில் நாலு வரி சேர்த்துவிடுங்கள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை என் அக்கா மகனுக்கும் இருந்தது. அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், எனக்கு வேலை மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில்

சனிக்கிழமை காலை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிபி6612 இரண்டு, பக் கன்வெர்ட்டர் ஒன்று, செல் இரண்டு, ஹோல்டர், ஃப்யூஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிறு காலை சால்டரிங் அயர்னைச் சூடேற்றி உட்கார்ந்தோம். எல்லா மைனஸும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். அப்படியும் ஒன்றை விட்டுவிட்டான். மோட்டார் ஒவ்வொன்றின் முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தோம். பிரஷ்ஷில் எழுகிற மின்பொறி இரைச்சல் ப்ளூடூத்தைத் தொல்லைப்படுத்தாமல் இருக்க அது உதவும்.

நிரலில் ஒரே ஒரு மாற்றம் முக்கியம். புது டிரைவர் வோல்ட்டை விழுங்காததால் 8 வோல்ட் அப்படியே 6 வோல்ட் மோட்டாருக்குப் போய்விடும். அதனால் வேக எண்ணை 255 வரை விடாமல் 180-ல் நிறுத்தினோம். அது இல்லாவிட்டால் மோட்டார் சில நாள் பறக்கும், பிறகு போய்விடும்.

மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமென்ட் தரையில் வைத்து இடது பக்கம் அழுத்தினான். வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றியது. ப்ளூடூத் கட்டாகவில்லை. மறுபடி வலது. மறுபடி இடது. அப்புறம் பத்து நிமிஷம் அவன் கையிலிருந்து போனை வாங்க முடியவில்லை. பின் சக்கரம் ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. அது கியர்பாக்ஸ் தேய்மானம், டிரைவரின் குற்றமில்லை.

"மாமா, அந்த ரெண்டாவது ப்ளூடூத்த என்ன பண்றது?"

கிளாஸில் இன்னொரு பையன் வண்டி செய்துகொண்டிருக்கிறானாம், பாதி விலைக்குக் கேட்கிறானாம். "குடுத்துடு. ஆனா அவன் என்ன பேட்டரி வெச்சிருக்கான்னு முதல்ல கேளு" என்றேன். கேட்டான். ஒம்பது வோல்ட், கட்டையாக இருக்குமே, அதேதான்.